எதிராளி வராத நாளில் ஒரு பந்து

ஜியு-ஜிட்ஸு போட்டியில் எதிராளியின் வயிற்றில் முழங்காலை ஊன்றினால் 2 புள்ளி. அவன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் 4. ஆனால் ஏறியதுமே நடுவர் புள்ளி கொடுத்துவிட மாட்டார். அந்த நிலையில் 3 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். கீழே கிடப்பவன் அந்த 3 விநாடியும் சும்மா இருப்பானா? இடுப்பைத் தூக்கி உதறுவான், பக்கவாட்டில் உருளுவான், முழங்காலை இடையில் நுழைப்பான். ஜூடோவில் நிலைமை இன்னும் கடினம்: அமுக்கிப் பிடித்தே ஆட்டத்தை முடிக்க 20 விநாடி வேண்டும். பிடிச் சண்டையில் ஏறுவது பாதி வேலைதான். ஏறிய இடத்தில் தங்குவது மீதிப் பாதி.

தங்கிப் பழக ஓர் ஆள் வேண்டும். தினமும் ஆள் கிடைப்பதில்லை. ஜிம் மூலையில் யாரும் சீண்டாமல் கிடக்கும் பெரிய காற்றுப் பந்துக்கு அங்கேதான் வேலை வருகிறது.

அந்தப் பந்து மல்லர்களுக்காகப் பிறந்ததல்ல. 1963-இல் இத்தாலியில் பிளாஸ்டிக் பொருள்கள் செய்துவந்த அக்விலினோ கொசானி உருவாக்கியது. சுவிட்சர்லாந்தில் மேரி குவின்டன் என்ற பிரிட்டிஷ் பிசியோதெரபிஸ்ட் அதைக் கைக்குழந்தைகளின் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார்; பாசல் நகரத்து சுசான் க்ளைன்-ஃபோகல்பாக் பெரியவர்களுக்கும் கொண்டுபோனார். அங்கே பார்த்துவிட்டுப் போன அமெரிக்கர்கள்தான் ‘சுவிஸ் பால்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

பிறகு அது ஜிம்முக்குள் வந்தது. கூடவே வித்தைகளும் வந்தன. பந்தின்மேல் ஏறி நின்று டம்பெல் தூக்குவது, மண்டியிட்டபடி பார்பெல்லைத் தலைக்குமேல் உயர்த்துவது. படம் எடுக்க அழகாக இருக்கும். மல்லருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. காரணம் எளிது. போட்டியில் காலுக்குக் கீழே இருக்கும் பாய் அசைவதில்லை, அசைவது எதிராளி. ஆகவே பந்தைத் தரையின் இடத்தில் வைக்கக் கூடாது, எதிராளியின் இடத்தில் வைக்க வேண்டும்.

பந்தின்மேல் படுத்து எடை தூக்கினால் வலு கூடும் என்பாரும் உண்டு. கனடாவில் ஆண்டர்சன், பேம் இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. நெஞ்சால் தள்ளும் விசை, பெஞ்சில் படுத்திருந்தபோது இருந்ததைவிடப் பந்தின்மேல் ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்துவிட்டது. தசையின் மின் இயக்கத்திலோ பெரிய வேறுபாடு இல்லை. அதாவது தசை அதே பாடு படுகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு, உடல் சரியாமல் பிடித்து வைப்பதிலேயே போய்விடுகிறது. வலு வேண்டுமென்றால் பெஞ்சுக்கே போக வேண்டியதுதான்.

சரி, எதிராளியின் இடத்தில் எப்படி வைப்பது? பந்தின்மேல் நெஞ்சைச் சாய்த்துக் கவிழ்ந்துகொள்ளுங்கள். கால் விரல் நுனிகள் மட்டும் தரையில். கைகளைத் தரையில் ஊன்றாதீர்கள். முழு எடையும் நெஞ்சு வழியாகப் பந்தில் இறங்க வேண்டும். இப்போது நெஞ்சை எடுக்காமல், கால்களை மட்டும் நகர்த்திப் பந்தைச் சுற்றி வாருங்கள். எடை கொஞ்சம் பின்னே போனாலும் முழங்கால் தரையைத் தொடும். முன்னே போனால் பந்து உருண்டு தலைகுப்புறத் தள்ளும். புதிதாகப் பழகுபவர்கள் மேலே படுத்ததும் எதிராளியைக் கையால் இறுக்குவார்கள். கை இறுகினால் எடை கையில்தான் தங்கும், கீழே இருப்பவனுக்குக் கனமே தெரியாது. கோச் நூறு முறை சொல்லியும் ஏறாத இந்த விஷயத்தைப் பந்து சீக்கிரம் புரியவைத்துவிடும்.

அடுத்தது முழங்கால். ஒரு முழங்கால் பந்தின்மேல், மற்றக் கால் அகலமாகத் தரையில். தாவி மறுபக்கம் இறங்கி முழங்காலை மாற்ற வேண்டும். நண்பர் ஒருவர் பந்தைக் காலால் லேசாக உதைத்துவிட்டால் இன்னும் நல்லது, எப்போது எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. அவரே பந்தை உங்கள் கால்களை நோக்கி உருட்டிவிட்டால், கால்களைப் பின்னே வீசி இடுப்பைப் பந்தின்மேல் இறக்கலாம். காலைப் பிடிக்க வருபவனைத் தடுக்க மல்யுத்த வீரர் செய்வது அதே அசைவுதான்.

கீழே மாட்டிக்கொண்டு தப்பிக்கும் வேலைக்கு வேறு பயிற்சி. மல்லாந்து படுத்து, குதிகால்களைப் பந்தின்மேல் வைத்து, இடுப்பைத் தூக்கி, பந்தைத் தன்பக்கம் இழுப்பது. தொடையின் பின்தசை கதறும். வயிற்றுக்கு என்றால், முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் பரவலாக்கிய ஒன்று உண்டு: முன்கைகளைப் பந்தில் ஊன்றி, உடலைப் பலகைபோல் நீட்டி, முழங்கையால் பொங்கல் கிண்டுவதுபோல் வட்டம் போடுவது. முதுகு வளையத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். எண்ணிக்கைக்காக இழுத்தால் இடுப்புவலிதான் மிச்சம்.

சராசரி உயரக்காரர்களுக்கு 65 செ.மீ. பந்து பொருந்தும், குள்ளமானவர்களுக்கு 55. தொடக்கத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். இறுக அடைத்த பந்து சட்டென்று ஓடிவிடும். வாங்கும்போது, குத்தினால் வெடிக்காமல் மெல்லக் காற்றிறங்கும் வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது.

பந்துக்குக் கைகள் இல்லை. கழுத்தை வளைக்காது, பொய்யாக ஒருபக்கம் சாய்ந்து ஏமாற்றாது. அதனால் பயிற்சிக்கு முன் பத்து நிமிடத்துக்குமேல் அதற்குக் கொடுக்கத் தேவையில்லை. தண்டால், பஸ்கி, பார்பெல் எதையும் இதற்காகக் குறைக்கவும் வேண்டாம்.