தூணுக்கு உரிய கலவை

கொல்கத்தாவில் கரியாஹாட் சந்திப்பிலிருந்து லேக் மார்க்கெட் வரை நடந்து செல்லும் தமிழர், பழைய வீடுகள் மறைந்து அடுக்குமாடிகள் எழுவதைக் கண்டிருப்பர். அங்கு இல்லம் வாங்க எண்ணுவோரும் நம்மிடையே உளர். சுவரின் வண்ணத்தையும் தரையின் மெருகையும் ஆராயும் நாம், அனைத்தையும் தாங்கி நிற்கும் தூணைப் பற்றி வினவுவதில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டி முடியாத பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். கட்டடம் வீழ்வதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் நாம் கண்காணிக்கக் கூடிய ஒன்று கலவை.

தூணுக்கு 'எம் 25' என்னும் தரத்தைக் கொள்வோம். 150 மில்லிமீட்டர் கனசதுரமாக வார்த்த கான்கிரீட்டு, 28 நாட்களுக்குப் பின், சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது இதன் பொருள். ஆயினும் ஒவ்வொரு முறை கலக்கும்போதும் வலிமை சற்றே மாறும். நூறு சோதனைகளில் ஐந்துக்கு மேல் குறைந்துவிடாதிருக்க, இந்தியத் தர விதிகள் 6.6 கூட்டி, 31.6 நியூட்டனைக் குறியாகக் கொள்ளச் சொல்கின்றன.

அடுத்தது நீர். நீரின் எடை சிமெண்டின் எடையில் பாதிக்கு மேற்படலாகாது எனக் கொள்வோம். 20 மில்லிமீட்டர் ஜல்லிக்கு, ஒரு கனமீட்டர் கலவையில் ஏறத்தாழ 186 லிட்டர் நீர் வேண்டும். எனவே சிமெண்டு 372 கிலோ, அதாவது ஏழரை மூட்டை. எஞ்சிய இடத்தை ஏறக்குறைய 690 கிலோ மணலும் 1,150 கிலோ ஜல்லியும் நிரப்பும். இது முதற்கணக்கே; சோதனைக் கலவை வார்த்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

வங்கத்து மழைக்காலத்தில் இக்கணக்கு எளிதில் பிழைபடும். நனைந்த மணல் நூற்றுக்கு நான்கு பங்கு ஈரம் கொண்டிருப்பின், 27 லிட்டர் நீர் நாம் அறியாமலே கலவையுள் புகும். அரையாக இருந்த விகிதம் 0.57 ஆக உயரும். மிகுந்த நீர் பின்னர் உலர்ந்து போகும். அது நின்ற இடம் நுண்துளையாகும். தூணின் வலிமை குன்றும். ஆதலால் மணலின் ஈரத்தை அளந்து, அந்த அளவு நீரைக் குறைத்தலே முறை. கலவை இறுகுகிறதென்று கொத்தனார் இன்னுமொரு வாளி நீர் ஊற்றுவதும் இதே கேட்டைத்தான் விளைக்கும்.

வார்த்த தூணைக் குறைந்தது ஏழு நாட்களேனும் ஈரச் சாக்கு சுற்றிக் காத்தல் வேண்டும். சாம்பல் கலந்த சிமெண்டானால் பத்து நாட்கள்.

ஆகவே இல்லம் வாங்குமுன் மூன்றைக் கேட்போம்: கலவைக் கணக்கு எங்கே? கனசதுரச் சோதனையின் முடிவு எங்கே? நீரை அளந்து ஊற்றியவர் யார்? வாழ்நாள் சேமிப்பை ஒப்படைக்கும் நமக்கு இவற்றைக் கேட்கும் உரிமை உண்டு.