எஞ்சியிருக்கும் காலுக்கு எந்தப் பரிசோதனை?

அலவத்துகொடவில் என் மகளின் வீட்டைக் கடந்துதான் ஏ9 வீதி வடக்கே போகிறது. அதே வீதியின் அந்தப் பக்கத்தில், வன்னியில், யுத்த காலத்தில் மிதிவெடியில் இடது காலை இழந்தேன். எஞ்சியிருப்பது வலது கால். அதன் பெருவிரலில் வந்த சிறு புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. எனக்கு 12 வருடமாக நீரிழிவு.

முதலில் கணுக்காலில் பட்டி கட்டி அமுக்கம் பார்த்தார்கள். அதைக் கையின் அமுக்கத்தால் வகுத்தால் 1.0 முதல் 1.4 வரை வருவது சாதாரணம். எனக்கு 1.5. கூடத்தானே, நல்லது என்று நினைத்தேன். வைத்தியர் மறுத்தார். நீரிழிவில் கணுக்கால் நாடிகளின் சுவரில் கல்சியம் படிந்து இறுகிவிடும். பட்டி நெரித்தாலும் அவை மடங்காததால் இலக்கம் பொய்யாக உயரும். விரலின் சிறு நாடிகளில் இந்தப் படிவு குறைவு. ஆகவே விரலில் அளக்க வேண்டும்.

ஊசியில்லாமல் அளக்கச் சில வழிகள் உண்டு. ஒளி உணரி முறையில் விரலடியில் சிறு பட்டி கட்டி, நுனியில் உணரி ஒட்டுவார்கள். பட்டியைத் தளர்த்தும்போது துடிப்பு அலை எந்த அமுக்கத்தில் திரும்புகிறதோ அதுவே அளவு. செலவு குறைவு, ஆனால் விரல் குளிர்ந்திருந்தால் அலை தெளிவாக வராது. எங்கள் மலைக் குளிரில் பாதத்தைச் சூடாக்கிய பிறகே அளந்தார்கள். லேசர் டொப்ளர் மிகக் குறைந்த ஓட்டத்தையும் பிடிக்கும். கருவி விலை கூடியது. கையால் பிடிக்கும் சாதாரண டொப்ளரில் விரல் நாடியின் ஒலியைக் கண்டுபிடிப்பது கடினம். பட்டியே கட்டாமல், படுக்க வைத்துக் காலை உயர்த்தி, ஒலி மறையும் உயரத்தைக் கொண்டும் கணிக்கலாம். 13 சென்ரிமீற்றர் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் இரசத்துக்குச் சமம்.

விரல் அமுக்கத்தைக் கை அமுக்கத்தால் வகுத்து 0.7 இலும் குறைந்தால் நாடி நோயைச் சந்தேகிப்பார்கள். விரல் அமுக்கம் 30 இலும் குறைந்தால் கால் ஆபத்தில். என் விரலில் 44, கையில் 140, விகிதம் 0.31. பிறகு எடுத்த ஸ்கானில் அடைப்புத் தெரிந்தது. இப்போது அதைத் திறக்க ஏற்பாடு நடக்கிறது.

எங்களில் பலருக்கு ஒரு கால்தான் மிச்சம். நீரிழிவும் ஆறாத புண்ணும் இருந்தால், கணுக்கால் அளவு நன்றாக இருக்கிறது என்று திரும்பி வராதீர்கள். "விரலிலும் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள்.