ஆப்பிள் அறிமுக விழா: அரங்கிலிருந்து இணையத் திரைக்கு

2007 ஜனவரி 9 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோவின் மாஸ்கோன் சென்டரில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை அறிமுகப்படுத்தினார். அந்த விழாவை ஆப்பிள் இணையத்தில் நேரலையாகக் காட்டவில்லை. அரங்கில் இருந்த செய்தியாளர்கள் மடிக்கணினியில் தட்டச்சு செய்து, புகைப்படங்களுடன் அவ்வப்போது வெளியிட்ட வரிகளைத்தான் வெளியில் இருந்தவர்கள் படித்தார்கள்.

2010 செப்டம்பர் 1 அன்று நடந்த ஐபாட் விழாவை ஆப்பிள் நேரலை வீடியோவாக வழங்கியது. ஆப்பிள் கருவிகள் வைத்திருந்தவர்கள் மட்டுமே அதைப் பார்க்க முடிந்தது. யூடியூபில் விழா நேரலையாக வந்தது 2019 செப்டம்பரில்தான்.

2010 ஒளிபரப்புக்குப் பயன்பட்டது, ஆப்பிள் முந்தைய ஆண்டு வெளியிட்ட 'எச்டிடிபி லைவ் ஸ்ட்ரீமிங்' முறை. இதில் வீடியோ சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராகி, பல நாடுகளிலுள்ள சர்வர்களுக்குப் போகிறது. பார்ப்பவரின் இணைய வேகம் குறைந்தால், அடுத்த துண்டு குறைந்த தரத்தில் வரும். படம் மங்கினாலும் நிற்காது. ஆனால் சில துண்டுகள் சேர்ந்த பிறகே படம் ஓடத் தொடங்குவதால், நேரலை சில விநாடிகள் முதல் அரை நிமிடம் வரை பின்தங்கும். அரங்கிலிருந்து வரும் எழுத்துச் செய்தி வீடியோவை முந்துவது இதனால்தான்.

இந்த ஏற்பாடும் தடுமாறியதுண்டு. 2014 செப்டம்பர் 9 அன்று ஐபோன் 6, ஆப்பிள் வாட்ச் ஆகியவை அறிமுகமானபோது, தொடக்கத்தில் படம் அடிக்கடி அறுந்தது. ஆங்கிலப் பேச்சின் மேல் சீன மொழிபெயர்ப்பும் சேர்ந்து ஒலித்தது.

கொரோனா பரவிய 2020 ஜூனில், பார்வையாளர் இல்லாமல் முன்கூட்டியே படமாக்கிய விழாவை ஆப்பிள் வெளியிட்டது. தொற்று தணிந்த பின்னும் அந்த வழக்கம் நீடித்தது. கலிஃபோர்னியாவுக்கு அழைக்கப்படும் செய்தியாளர்களும் பெரும்பாலும் அதே படத்தைப் பெரிய திரையில் பார்க்கிறார்கள். புதிய கருவியைக் கையில் எடுத்துப் பார்ப்பது மட்டுமே அவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பு. அங்கே காலை 10 மணிக்குத் தொடங்கும் விழா, ஜூன், செப்டம்பர் மாதங்களில் இந்தியாவில் இரவு 10.30க்குத் தெரியும்.

விழாவில் காட்டியதெல்லாம் கடைக்கு வந்துவிடும் என்பதில்லை. 2017 செப்டம்பரில் அறிவித்த 'ஏர்பவர்' சார்ஜரை 2019 மார்ச்சில் ஆப்பிள் கைவிட்டது. 2024 ஜூன் படத்தில் இடம்பெற்ற, குரல் உதவியாளரான சிரியின் புதிய திறன்கள் தாமதமாகும் என 2025 மார்ச்சில் அறிவித்தது. ஆகவே வாங்க நினைப்பவர் விற்பனைத் தேதி, தம் நாட்டு விலை, எந்தெந்த வசதி தம் நாட்டிலும் மொழியிலும் கிடைக்கும் என்ற விவரம் ஆகியவற்றை விழா முடிந்தபின் ஆப்பிள் தளத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.