வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

செஞ்சி வழியாகப் போகும் சாலையில் கிழக்கே போனால் புதுச்சேரி, மேற்கே போனால் கிருஷ்ணகிரி தாண்டிப் பெங்களூரு. இந்த வட்டாரத்துக் கொத்தனார்களும் சித்தாள்களும் இரண்டு பக்கமும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே சாரம் சரிந்து ஒருவர் விழுந்துவிட்டால், வெளிமாநிலத்தில் நடந்ததற்கு யாரிடம் போய்க் கேட்பது என்று வீட்டார் திகைத்துப்போகிறார்கள். அந்தத் திகைப்பில், மேஸ்திரி கொடுப்பதை வாங்கிக்கொண்டு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடுவதும் நடக்கிறது.

அலைய வேண்டியதில்லை. வேலையில் ஏற்படும் காயத்துக்கும் சாவுக்கும் இழப்பீடு தருவது மத்தியச் சட்டம். 1923-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. உரிமை எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான். விபத்து பெங்களூருவில் நடந்தாலும், பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் பகுதிக்குரிய தொழிலாளர் துறை அதிகாரியிடமே மனு கொடுக்கலாம். செஞ்சிக்காரர் விழுப்புரம் மாவட்டத்துக்குரிய அலுவலகத்துக்குப் போனால் போதும். கெடு இரண்டு ஆண்டு.

தொகை முதலாளியின் மனதைப் பொறுத்ததல்ல. இறந்தவரின் மாதக்கூலியில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி அறிவிப்பின்படி கணக்கில் எடுக்கும் கூலிக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வயதுக்கான காரணி 207.98. அப்படியானால் 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். முழுமையாக முடங்கிப்போனால் கூலியில் பாதிக்குப் பதில் 60 சதவீதம். இந்தக் கணக்கு தெரியாத குடும்பம்தான் ஒரு லட்சத்தைப் பெரிய தொகை என்று நம்பி வாங்கிக்கொள்கிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சாவுக்கான இழப்பீட்டை முதலாளி அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கையில் கொடுத்த பணம், சட்டம் அனுமதிக்கும் சிறு முன்பணம் நீங்கலாக, இழப்பீடு ஆகாது. 'இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று எழுதி வாங்கிய தாளும் உரிமையைப் பறிக்காது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் மனு கொடுக்கலாம்.

காயத்தின் அளவிலும் ஏமாற்று நடக்கிறது. ஒடிசாவில் ஒரு திரையரங்கில் அலங்கார மரவேலை செய்த தச்சர் விழுந்து இடது கையை இழந்தார். சட்டத்தில் உள்ள காயங்களின் பட்டியல்படி அது பகுதி ஊனம்தான் என்று முதலாளி வாதிட்டார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனமே என்று உச்ச நீதிமன்றம் 1975-ல் தீர்ப்பளித்தது. பணம் விபத்து நடந்த நாளிலிருந்தே பாக்கி என்றும் சொன்னது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வட்டியும், தகுந்த காரணமில்லாத தாமதத்துக்குப் பாதித்தொகை வரை தண்டமும் உண்டு.

'குடித்திருந்தான்', 'தலைக்கவசம் போடவில்லை' என்பார்கள். சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்தச் சாக்குகள் செல்லாது. 'அவன் மேஸ்திரியின் ஆள்' என்று கட்டுமான நிறுவனம் கைகழுவ முடியாது. தன் தொழிலுக்காக ஒப்பந்தம் விட்டவரும் பொறுப்பாளிதான். சொந்தக் குடியிருப்புக்கு வீடு கட்டுபவர் விஷயம் வேறு, அங்கே பெரும்பாலும் மேஸ்திரியைத்தான் கேட்க முடியும். இஎஸ்ஐ பதிவு உள்ளவர்களுக்கு உதவி அங்கிருந்தே வரும்.

மாநிலச் சட்டம் உதவுவது நலவாரியத்தின் வழியாக. 1982-ம் ஆண்டுத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-ல் அமைந்தது. அதன் உதவித்தொகை வேறு, முதலாளி தரவேண்டிய இழப்பீடு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க விடாதீர்கள்.

அடிபட்டால் மருத்துவமனையில் 'வேலையிடத்தில் விழுந்தவர்' என்றே பதியச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். கூலி வந்த வங்கிக் கணக்கு விவரம், மேஸ்திரியின் அழைப்புப் பதிவு, கூட வேலை செய்தவர்களின் பெயர் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச உதவி கிடைக்கும்.