பங்குக்காரருக்கு எந்த நிதி?

வேம்பாரில் வள்ளத்துக்குப் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் விற்ற காசில் செலவைக் கழித்து, படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பிரிப்பார்கள். மீன் படாத நாளில் பிரிக்க ஒன்றுமில்லை. ஆலை வேலைக்குப் போகும் மகளுக்கு இருக்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கடலுக்குப் போகும் அப்பாவுக்கு ஏன் இல்லை என்பதற்கான விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

1948-இல் சட்டமாகி 1952-இல் நடைமுறைக்கு வந்த இ.எஸ்.ஐ. சம்பளத்தை அளவாகக் கொண்டது. 21,000 ரூபாய் வரை வாங்குவோரிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம் வசூலாகிறது. 12,000 ரூபாய் சம்பளத்துக்கு மகளின் பங்கு 90, முதலாளியின் பங்கு 390. மருத்துவச் செலவில் ஒரு பகுதியை மாநில அரசு ஏற்கிறது. இன்று நலமாக இருப்பவர் கட்டுவது, இன்று படுத்துவிட்டவருக்குப் போகிறது.

முதலாளி தன் பங்கையும் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பிடித்த பணத்தை அவர் கட்டாமல் விட்டால், வட்டியோடு வசூலிக்கும் அதிகாரம் இ.எஸ்.ஐ. கழகத்துக்கு உண்டு. சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்; காப்பீட்டு எண்ணில் பணம் ஏறுகிறதா என்று கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லாததால் அவருக்கான வழியே வேறு. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அவர் கட்டும் 1,500 ரூபாயோடு அரசின் 3,000 சேர்ந்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ஆகக் கைக்கு வரும். மத்திய அரசின் மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம். பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகளே கட்டுகின்றன. அதன் பெயரில் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். தமிழக அரசின் 2007 சட்டத்தின்படி அமைந்த மீனவர் நலவாரியத்தில் உறுப்பினராவதும் முக்கியம்.

விபத்து நடந்தால் உடனே காவல் நிலையத்தில் பதிவு செய்து, முதல் தகவல் அறிக்கையின் நகலையும் மருத்துவமனைச் சான்றையும் வாங்கி வையுங்கள். காப்பீட்டுக்கான மனு இழுத்தடிக்கப்பட்டால் மீன்வளத் துறை அலுவலகம், ஆட்சியரின் குறைதீர்க்கும் கூட்டம், தகவல் உரிமை மனு என்று வழிகள் உண்டு.

கரையில் பங்கு பிரிக்கும்போது ஓர் ஆள் விடுபட்டால் அங்கேயே சத்தம் போட்டுக் கேட்கிறோம். பதிவேட்டில் பெயர் விடுபட்டிருந்தால், அதையும் கடலுக்குப் போகும் முன்பே கேட்டுவிட வேண்டும்.