காம்போஜத்தில் கடைசி நாள்

கோஷ்டிப் பிரயாணத்தில் கடைசி நாளுக்கென்று தனிக் குணம் ஒன்று உண்டு. முதல் நாள் முகங்கொடுத்துப் பேசாதவர்களெல்லாம் அன்று ஊறுகாய்ப் புட்டியைப் பங்கிட்டுக் கொள்வார்கள். அங்கோர் கோயில்களை மூன்று நாள் சுற்றி முழங்கால் ஓய்ந்திருந்த எங்களுக்கு, ஸியெம்ரீப் நகரில் அன்று காலை "கடைத்தெரு" என்று நிகழ்ச்சிக் குறிப்பு சொல்லிற்று. மாலையில் விமானம்.

இங்கேதான் தகராறு பிறந்தது. பாதிப் பேர் பட்டும் காம்பாட் மிளகும் வாங்கத் துடித்தனர். மற்றவர்களோ, வடகிழக்கே ஒரு மணி நேரப் பிரயாணத்திலுள்ள பந்தியாய் ஸ்ரெய் ஆலயத்தைப் பார்க்காமல் கப்பலேறினாலும் சரி, விமானமேறினாலும் சரி, வந்தது வீண் என்றனர். எழுபது வயதைக் கடந்த பாட்டியம்மாள் ஒருவர், "மிளகு நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது. அம்மையாரைப் பார்க்க நான் மறுபடியும் வரப் போகிறேனா?" என்றார். வழக்கு அத்துடன் தீர்ந்தது. பதினொரு பேர் புறப்பட்டோம்.

இளஞ்சிவப்பு மணற்கல்லால் ஆன இச்சிவாலயம் 967-ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கட்டியவன் அரசன் அல்லன். யக்ஞவராஹன் என்னும் அந்தணன். உருவிலே சிறியது, ஆனால் கல்லிலே சந்தன மரத்தின் நுண்மை! கைலாயத்தை அசைக்கும் இராவணன், வாலி சுக்ரீவர் போர், மன்மத தகனம் என்று எங்கு திரும்பினாலும் நமக்குத் தெரிந்த கதைகள்.

இவ்வழகே அதற்கு ஆபத்தாகவும் வந்தது. 1923-ல் ஆந்த்ரே மால்ரோ என்ற பிரெஞ்சு இளைஞர் இங்கிருந்து தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்து, நாம் பென் நகரில் பிடிபட்டார். 1924-ல் தண்டனை விதிக்கப்பட்டது, அப்பீலில் குறைந்தது. சிலைகள் ஆலயத்துக்குத் திரும்பின. 1959-ல் அதே மனிதர் பிரான்ஸின் கலாசார மந்திரியானார்! காவலின் அருமை களவாடியவருக்கே தெரியும் என்று அந்நாட்டார் எண்ணினர் போலும்.

சிலை பறிகொடுத்த துயரம் நமக்குப் புதிதன்று. பத்தூர் நடராஜர் லண்டன் நீதிமன்றம் வரை சென்று 1991-ல் அல்லவா வீடு திரும்பினார்! ஆகவே, வழியிலிருந்த கடையில் எங்கள் கோஷ்டிக் கனவான் ஒருவர் பழைய கற்சிரசு ஒன்றுக்கு விலை பேசியபோது, கெமர் வழிகாட்டி அருகில் சென்று மெல்லச் சொன்னது எங்களைச் சுட்டது: "ஐயா, இது போலியானால் தங்கள் பணம் போயிற்று. உண்மையானால் எங்கள் தெய்வம் போயிற்று." கனவான் சிரசைக் கீழே வைத்துவிட்டார். நெடுநேரம் அவர் பேசவில்லை.

கிழக்கு வாயிலின் முகப்பில் ஆடவல்லான் ஆடுகிறான். அவன் காலடியில், வற்றிய மேனியும் தளர்ந்த மார்புமாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். இவளே காரைக்கால் அம்மையார் என்பது அறிஞர் பலரின் துணிபு. கடல் கடந்து, காட்டின் நடுவே, ஆயிரம் ஆண்டுகளாக அம்மையார் இங்கே உட்கார்ந்திருக்கிறார்!

பாட்டியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பி நின்றார். "இந்த அம்மையாரின் கதையைப் பாட்டி அறிவார்களா?" என்று வழிகாட்டி ஆங்கிலத்தில் கேட்டார். பேத்தி மொழிபெயர்த்தாள்.

"தெரியாமல் என்ன, தம்பி? உட்கார், சொல்கிறேன். புனிதவதி என்று ஒரு பெண்; அவள் கணவன் ஒரு நாள் இரண்டு மாம்பழம் அனுப்பினான்..."

வண்டிக்காரர் இருமுறை ஊதினார். வழிகாட்டி கையசைத்து அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.