வீட்டு வளவிற் சிற்றுயிர் ஒளிப்படம்

வீட்டு வளவில் நிற்கும் மாமரத்தில் முசுறுகள் நிரையாக ஊர்ந்து செல்வதைக் காணாதார் நம்மிடையே இலர். அந்நிரையின் ஓரத்தே தனித்துச் செல்லும் ஒன்று முசுறன்று, சிலந்தி என்றால் நம்புவார் சிலரே. இலங்கை, இந்தியா முதலிய நாடுகளில் வாழும் ஒருவகைப் பாய்ச்சற் சிலந்தி, முசுற்றின் செந்நிறமும் இடை சிறுத்த உடலும் பெற்று, முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புகள் போல உயர்த்திக்கொண்டு நடக்கும். கால்களை எண்ணினால் உண்மை வெளிப்படும்: எறும்புக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு. ஆயின் ஒரு சதமமீற்றர் நீளமும் இல்லாது விரைந்தோடும் உயிரின் கால்களை எண்ணுதல் வெறுங்கண்ணுக்கு எளிதன்று. ஈண்டுத் துணை நிற்பது அண்மை ஒளிப்படக் கலை. அது செல்வர்க்கே உரியது என்னும் எண்ணம் பொருந்தாது என்பதை இங்கு விளக்குவாம்.

பொருளின் அளவும், கமராவின் ஒளியுணர் தகட்டில் விழும் விம்பத்தின் அளவும் சமமாயின் உருப்பெருக்கம் ஒன்று எனப்படும். சாதாரண வில்லை இந்நிலையை எட்டுவதில்லை; மிக அண்மையிலுள்ள பொருளின் விம்பம் தகட்டுக்கு அப்பால் விழுவதே காரணம். வில்லையைத் தகட்டினின்றும் விலக்கினால் இக்குறை நீங்கும். 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லையைத் தொலைவுக்குக் குவித்து, 50 மில்லிமீற்றர் நீளமுள்ள நீட்சிக் குழாயை இடையே பொருத்தினால் உருப்பெருக்கம் ஒன்றாகும். குழாயினுள் கண்ணாடி ஏதும் இல்லாமையால் அதன் விலையும் சிறிது. மற்றொரு வழி, வில்லையைத் தலைகீழாக மாட்டுதல். அதற்கு வேண்டுவது ஒரு வளையமே. துவாரத்தைக் கையாற் சுருக்கத்தக்க பழைய 28 மில்லிமீற்றர் வில்லையைத் தலைகீழாக மாட்டின் உருப்பெருக்கம் ஏறக்குறைய இரண்டாகும். கைத்தொலைபேசி மட்டும் உடையோர், அதன் மேற் கவ்விநிற்கும் சிறு குவிவில்லையுடன் தொடங்கலாம்.

இனி வரும் இடர் தெளிவின் ஆழம் பற்றியது. உருப்பெருக்கம் ஒன்றாகவும் துவார எண் 8 ஆகவும் இருக்கையில், தெளிவாகத் தோன்றும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீற்றரே. துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் கூடும். மிகச் சுருக்கினாலோ ஒளியின் கோணலாற் படம் முழுதும் மங்கும். ஆதலின் சிலந்தியின் முன்னிரு பெருங்கண்களைக் குவியத்தில் நிறுத்துதல் வேண்டும். கண் தெளிவாயின் எஞ்சிய மங்கல் குறையாகத் தோன்றாது.

வில்லை விலகுந்தோறும் ஒளியும் குன்றும். உருப்பெருக்கம் ஒன்றாகும்போது தகட்டை அடைவது முன்னைய ஒளியின் நாலிலொரு பங்கே. மின்னொளி விளக்கு இதனை ஈடுசெய்யும். எனினும் அதன் நேரொளி பளபளக்கும் உடலில் வெண்புள்ளிகளாகத் தெறிக்கும். விளக்குக்கு முன் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் ஒளி பரந்து மென்மையாகும். இது புதிய உபாயமன்று. 1665ஆம் ஆண்டில் நுண்ணுயிரோவியங்கள் நிறைந்த நூலை வெளியிட்ட றொபேட் ஹூக், எண்ணெய் தோய்ந்த தாளினூடாகச் சூரிய ஒளியைப் பரப்பியே தம் நுணுக்குக்காட்டியின் பொருள்களை விளக்கமாகக் கண்டார்.

அசையாதிருத்தற்பொருட்டுப் பூச்சிகளைக் குளிர்ப்பெட்டியில் இட்டு உறையவைப்பாரும், பசையால் ஒட்டிவைப்பாரும் உளர். இஃது உயிருக்குச் செய்யும் கொடுமை மட்டுமன்று; உண்மைக்குச் செய்யும் கேடுமாகும். மதுசாரத்தில் இட்ட சிலந்தியின் நிறம் காலப்போக்கில் மங்கும். அதன் நடையோ உடனே மறையும். முன்னங்காலை உயர்த்தி எறும்பாக நடிக்கும் செயலை உயிருள்ள சிலந்தியிடமே காணலாகும். அதனைப் பதிவு செய்வதே ஒளிப்படத்தின் தனிச்சிறப்பு. விடியற்காலைக் குளிரிற் பல பூச்சிகள் தாமே அசைவற்றிருக்கும். அவ்வேளையை நாடுவோர்க்கு வேறு சூழ்ச்சி வேண்டா.

படத்தோடு நாள், இடம், செடி, உயிரின் நீளம் ஆகியவற்றையும் குறித்து வைத்தல் வேண்டும். பல இனங்களைப் படங்கொண்டு மட்டும் துணிதல் இயலாதாயினும், குறிப்போடு கூடிய படம் ஆய்வாளர்க்குப் பயன்படும் சான்றாகும். பழைய வில்லையும் ஒரு வளையமும் வெள்ளைத் தாளும் கையில் உள்ள மாணவன், நாளை விடியலில் மாமரத்தடிக்குச் சென்று கால்களை எண்ணத் தொடங்குவானாக.